லுவாங் பிரபாங்கில் காய்ச்சலும் பக்கத்துப் படுக்கை ஜப்பானியர்களும்

ஜப்பானில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறை பெரிய வரம். பல அலுவலகங்கள் மூடியே கிடக்கும். சம்பளத்துடன் கிடைக்கும் விடுப்பையும் அதோடு சேர்த்துக்கொண்டால் தென்கிழக்கு ஆசியாவில் நிதானமாக ஒரு சுற்று சுற்றிவரலாம். 2024-இல் நான் அப்படித்தான் டோக்கியோவிலிருந்து பாங்காக் போய், அங்கிருந்து லாவோசுக்குள் நுழைந்தேன். தனிப் பயணம். ஊர் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவன், எல்லை தாண்டித் தாய்லாந்தின் உடோன் தானியில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் போய்ப் படுத்தேன். மருத்துவச் செலவும் புதிதாக வாங்கிய விமான டிக்கெட்டும் சேர்ந்து 3,40,000 யென்னைத் தாண்டின. பணத்தைவிட அந்தத் தனிமைதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இந்த மாதங்களில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அவற்றைத் தெரிந்துகொண்டது அதே விடுதியில் தங்கியிருந்த மூன்று ஜப்பானியர்களிடமிருந்து.

லுவாங் பிரபாங் மேகோங் ஆறும் நாம் கான் ஆறும் கூடும் இடத்தில் இருக்கும் பழைய அரச நகரம். 1995-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. முன்பு தலைநகர் வியஞ்சானிலிருந்து மலைப்பாதையில் பஸ்ஸில் நாள் முழுவதும் குலுங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் லாவோஸ்–சீன ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். நான் நடுவில் வாங் வியெங்கில் தங்கிவிட்டு அதே ரயிலில் ஏறினேன். ஏறுமுன் ஒரு செய்தி: அந்த ரயில் நிலையங்களில் விமான நிலையம் போலவே பைகளைச் சோதிக்கிறார்கள், ஸ்பிரே டப்பாக்களை உள்ளே விடுவதில்லை. என் கொசு விரட்டி ஸ்பிரே அங்கேயே போய்விட்டது. மழைக்காலத்தில் லாவோஸ் போகிறவர்கள் பூசிக்கொள்ளும் களிம்பு வகையையே எடுத்துச் செல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது என்பதால் இரவு வலை மட்டும் போதாது.

விடுதி மலிவானது, சுத்தமானது. ஓர் அறையில் அடுக்குப் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் கனத்த திரை. கீழ்த்தளத்தில் நீளமான ஒரு மேசை, மாலையானால் எல்லோரும் கூடும் இடம். அங்கே மூன்று ஜப்பானியர்கள் இருந்தார்கள். ஒருவர் முப்பதுகளின் நடுவில் இருந்த செவிலியர். வேலையை விட்டுவிட்டு, அடுத்த வேலையில் சேருவதற்குள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஏப்ரலில் நிறுவனம் ஒன்றில் சேரவிருந்த கடைசி ஆண்டு மாணவர். மூன்றாமவர் ஐம்பதைத் தாண்டியவர், நகராட்சி அலுவலகம் ஒன்றிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். மூவரும் அந்த விடுதியில்தான் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள். ஆனாலும் முதல் மாலையிலேயே ஒரே வீட்டுக்காரர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள். எந்த இரவுச் சந்தைக் கடையில் சோறு நன்றாக இருக்கிறது, குவாங் சி அருவிக்கு வேனைப் பங்கு போட்டுக்கொண்டு போகலாமா என்று ஓயாத பேச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. டோக்கியோவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும், அலுவலகத்துக்கு வெளியே நான் நெருங்கிப் பழகிய ஜப்பானியர் என்று யாரும் இல்லை. அந்த ஏக்கமும் கொஞ்சம் வருத்தமும் எனக்குள் இருந்தன. விடுமுறையிலும் அதே கதவைத் தட்டிக்கொண்டு நிற்க மனம் வரவில்லை.

மறுநாள் மாலை குளிர் எடுத்தது. வெளியே புழுக்கம், எனக்கோ பற்கள் அடித்துக்கொண்டன. இரவுக்குள் முதுகு, மூட்டு, கண்ணுக்குப் பின்னால் என்று ஓரிடம் விடாமல் வலி. மேல் படுக்கை என்பதால் கழிப்பறைக்கு இறங்கி ஏறுவதே பெரும்பாடு. திரையை இழுத்துவிட்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரைச் சிக்கனமாகக் குடித்துக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் தீர்ந்தால் கீழே இறங்க வேண்டுமே என்ற பயம். அடுத்த பகலும் அப்படியே போயிற்று. ஆட்கள் வந்தார்கள், பை கட்டினார்கள், போனார்கள். என் திரையை யாரும் தொடவில்லை. காய்ச்சல் வேகத்தில் வரும் எண்ணங்கள் பொல்லாதவை. நான் இங்கே செத்துப்போனால் அறை காலி செய்யும் நேரத்துக்குத்தான் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று தோன்றியது. நம் ஊர் ரயில் பெட்டியில் இருமினாலே எதிர் இருக்கை அம்மா தைலத்தை நீட்டுவாரே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

இரண்டாம் இரவு, கீழே செவிலியரும் மாணவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. திரையை விலக்கி, ஜப்பானிய மொழியில், “மன்னிக்கவும், எனக்கு உடம்பு மிகவும் முடியவில்லை, கொஞ்சம் உதவ முடியுமா” என்று கேட்டேன். ஒரு கணம் இருவரும் திகைத்தார்கள். அடுத்த நிமிடமே அறையின் போக்கே மாறிவிட்டது. செவிலியர் தன் பையிலிருந்து வெப்பமானியை எடுத்தார். 39.6 டிகிரி செல்சியஸ் காட்டியது. மாணவர் ஓடிப்போய்த் தண்ணீரும், உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பாக்கெட்டுகளும் வாங்கி வந்தார். கீழ்ப் படுக்கையில் இருந்தவர் தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டார்.

மாணவர் தன் மருந்துப் பையிலிருந்து வலி மாத்திரையை எடுத்து நீட்டினார். செவிலியர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், குறிப்பாக ஜப்பானில் வாழ்பவர்கள். ஜப்பானில் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைத்து, வீடுதோறும் இருக்கும் வலி மாத்திரைகளில் லோக்சோனின் என்பது லோக்சோபுரோஃபென், ஈவ் என்பது இபுபுரோஃபென், பஃபரின் ஏ என்பது ஆஸ்பிரின். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை இவற்றைத் தொடக் கூடாது. இரத்தக் கசிவு அபாயத்தை இவை கூட்டும். பாராசிட்டமால் மட்டுமே எடுக்கலாம், அதுவும் அளவோடு. ஜப்பானில் அதற்கு அசெட்டமினோஃபென் என்று பெயர். டைலெனால் ஏ அந்த வகை, நம் ஊரில் டோலோவும் குரோசினும். என் பையிலும் ஈவ்தான் இருந்தது. இன்னும் ஓர் இரவு யாரிடமும் பேசாமல் இருந்திருந்தால் அதைத்தான் விழுங்கியிருப்பேன். பயணப் பையில் பாராசிட்டமால் அட்டை ஒன்றைத் தனியாக, பெயர் தெரியும்படி வையுங்கள். செவிலியர் டெங்குவை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 2014-இல் டோக்கியோவின் யோயோகி பூங்காவை மையமாகக் கொண்டு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானுக்குள்ளேயே டெங்கு பரவி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. அப்போது அவர் டோக்கியோ மருத்துவமனை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தாராம்.

என் நிலையை அவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள் என்பதைச் செவிலியர் பிறகு சொன்னார். முனகல் கேட்டிருக்கிறது. ஆனால் இழுத்து மூடியிருக்கும் திரையைத் தொட்டுக் கூப்பிடுவது முறையல்ல, தனியாக இருக்க விரும்புகிறாரோ என்று தயங்கியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் வாய் திறந்து கேட்ட கணத்திலிருந்து அவர்கள் செய்ததைப் பார்த்தால் அந்தக் கோபத்துக்கு இடமே இல்லை. கேட்காமல் நுழைய மாட்டார்கள், கேட்டுவிட்டால் பாதியில் விடவும் மாட்டார்கள். ஆகவே விடுதி அறையில் உடம்பு சரியில்லை என்றால் முதல் மணி நேரத்திலேயே பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மொழி அரைகுறையாக இருந்தாலும் சொல்லுங்கள். வரவேற்பு மேசையிலும் பெயரையும் படுக்கை எண்ணையும் சொல்லி, காலையில் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்திருங்கள். கைபேசி பூட்டியிருந்தால் அதில் இருக்கும் எண் யாருக்கும் உதவாது.

காலையில் செவிலியரே என்னை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. தினமும் இரத்தம் பார்க்க வேண்டும், நிலைமை மோசமானால் இங்கே வசதி குறைவு, தெம்பு இருக்கும்போதே தாய்லாந்துக்குப் போய்விடுவது நல்லது என்றார் மருத்துவர். லாவோசில் வசிக்கும் வெளிநாட்டினர் பெரிய நோய் என்றால் எல்லை தாண்டித் தாய்லாந்தின் நோங் காய், உடோன் தானி நகரங்களுக்குப் போவது வழக்கம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலைக்குள் மூவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மாணவர் ரயில் டிக்கெட் எடுக்கப் போனார். டிக்கெட்டுக்குக் கடவுச்சீட்டு தேவை, மழைக்காலத்திலும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. செவிலியர் என் சாமான்களைக் கட்டினார். ஒன்றையும் விடுதியில் விட்டுவைக்க முடியாது, ஏனென்றால் என் லாவோஸ் விசா ஒரே முறை நுழைவதற்கானது. வெளியேறிவிட்டால் திரும்ப வரப் புது விசா வேண்டும். ஜப்பானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. துணைக்கு வந்த மாணவர் தன் பையை விடுதியிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார். தாய்லாந்து அந்த நேரத்தில் இந்தியர்களுக்கும் விசா விலக்கு அளித்திருந்தது, அதனால் பிழைத்தேன். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குள் நுழைபவர்கள் வருகை அட்டையை இணையத்திலேயே முன்கூட்டி நிரப்ப வேண்டும். லாவோஸ் போகும் முன்பே, அவசரத்துக்குத் தாய்லாந்துக்குள் நுழைய உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வியஞ்சானில் இறங்கி, மேகோங்கின் மேல் இருக்கும் நட்புப் பாலத்துக்குக் காரில் போனோம். 1994-இல் திறந்த பாலம் அது. நடந்து கடக்க முடியாது, பஸ்ஸில் ஏறித்தான் மறுகரை போக வேண்டும். இரவில் எல்லையை மூடிவிடுவார்கள் என்பதால் காலை ரயிலைப் பிடிப்பதே நல்லது. வரிசையில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாணவர் என் பையைத் தன் முதுகிலும் என்னைத் தன் தோளிலும் தாங்கிக்கொண்டார். நோங் காயிலிருந்து உடோன் தானி ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்த தனியார் மருத்துவமனை 20,000 பாட் முன்பணம் கேட்டது. என் கார்டில் ஒரு பகுதியும், மாணவர் ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்த 6,000 பாட்டும் சேர்த்துக் கட்டினோம். முந்தாநாள் வரை என் பெயர்கூடத் தெரியாதவர் அவர்.

என் ஜப்பானிய கிரெடிட் கார்டோடு வெளிநாட்டுப் பயணக் காப்பீடு இருப்பது நினைவுக்கு வந்து, நிம்மதியாக அந்த நிறுவனத்தை அழைத்தேன். காப்பீடு இல்லை என்றார்கள். இப்போது பல கார்டுகளில், பயணக் கட்டணத்தை அதே கார்டில் செலுத்தியிருந்தால்தான் காப்பீடு உயிர்பெறும். என் விமான டிக்கெட் விமான நிறுவனத்தில் சேமித்த மைல் புள்ளிகளில் எடுத்தது. கார்டு வாங்கும்போது காட்டிய வண்ணத் தாளில் தொகை பெரிய எழுத்தில் இருந்தது, இந்த நிபந்தனை எங்கேயோ மூலையில். அந்த ஏமாற்றத்தில் கைபேசியைச் சுவரில் எறிந்துவிடலாம் போல இருந்தது. செவிலியர் பிறகு சொன்னார்: பல கார்டுகளில் விமான நிலையம் போகும் ரயில் கட்டணத்தை அந்தக் கார்டில் கட்டினாலே போதுமாம், அவர் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறார். உங்கள் கார்டு எந்தச் செலவை ஏற்கிறது என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் காப்பாற்றியது ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரின் தொலைபேசி அழைப்பு. மாணவர் மூலம் விஷயம் தெரிந்து லுவாங் பிரபாங்கிலிருந்து அழைத்தார். ஜப்பானின் பொது உடல்நலக் காப்பீட்டில் இருக்கும் எவரும், நாட்டினர் வெளிநாட்டினர் என்ற வேறுபாடு இல்லாமல், வெளிநாட்டில் எதிர்பாராமல் பெற்ற சிகிச்சைக்கு ஒரு பகுதிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றார். அதற்குப் பெயர் கைகாய் ரியோயோஹி. இத்தனை ஆண்டுகளாக மாதாமாதம் சம்பளத்திலிருந்து காப்பீட்டுத் தொகை கட்டிவரும் எனக்கு இது தெரியாது. டோக்கியோ திரும்பி நிஷி-கசாயில் இருக்கும் தமிழ் நண்பர்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. முக்கியமானது இதுதான்: டிஸ்சார்ஜ் ஆவதற்குள் இரண்டு படிவங்களில் மருத்துவமனையிடம் எழுதி வாங்க வேண்டும். ஒன்று என்ன நோய், என்ன சிகிச்சை என்று மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திடுவது. மற்றொன்று செலவை இனம்வாரியாகப் பிரித்துக் காட்டுவது. ஊர் திரும்பிய பிறகு தாய்லாந்து மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கெஞ்சிக்கொண்டிருப்பதைக் காட்டிலும் அங்கேயே வாங்குவது எவ்வளவோ மேல். இந்தப் படிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பெரியவரே கோப்பாக அனுப்பி வைத்தார், மருத்துவமனையின் வரவேற்பில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இவற்றோடு பணம் கட்டிய ரசீது, கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த பக்கங்களின் நகல், எல்லாவற்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, மருத்துவமனையிடம் விசாரிக்க ஒப்புதல் கடிதம் ஆகியவையும் வேண்டும். நிறுவன ஊழியர்கள் தங்கள் காப்பீட்டுச் சங்கத்திலும், தேசிய உடல்நலக் காப்பீட்டில் இருப்பவர்கள் வார்டு அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். பணம் கட்டிய நாளுக்கு மறுநாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்காகவே வெளிநாடு போயிருந்தால் கிடைக்காது.

மருத்துவமனையில் நான் சந்தித்த மோசமான கட்டம் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் வந்தது. உடம்பு குளிர்ந்து, தலை தெளிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பத் துடித்தேன். மருத்துவர் விடவில்லை. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும்போதுதான் தொடங்குகிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அன்று எனக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தாங்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் போய்விட்டது என்று விடுதிக்குத் திரும்பிப் பஸ் ஏறுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அம்மாவிடம் அதுவரை சொல்லாமல் இருந்தேன். அன்று சொன்னதும் பப்பாளி இலைச்சாறு கிடைக்குமா, நிலவேம்புக் குடிநீர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, “பக்கத்துல யார்டா இருக்கா?” என்றார். “டோக்கியோக்காரங்க இருக்காங்கம்மா” என்றேன். யோசிக்காமல் வந்த பதில் அது.

நான் டோக்கியோவில் வசிப்பவன் என்று சொன்ன நிமிடத்தில் அந்த மூவரின் முகமும் மலர்ந்ததை மறக்க முடியாது. எந்த நிலையம், எந்த ரயில் தடம் என்று கேட்டார்கள். செவிலியர் முன்பு வேலை பார்த்த மருத்துவமனை நான் தினமும் போகும் தோசாய் தடத்தில்தான் இருந்தது. ஊரில் இருந்திருந்தால் ஒரே பெட்டியில் தோளுரசி நின்றும் பேசியிருக்க மாட்டோம். அங்கே வயது, பதவி, யார் யாருக்கு எவ்வளவு மரியாதை கொடுத்துப் பேச வேண்டும் என்ற கணக்குகள் எப்போதும் நடுவில் நிற்கும். விடுதி மேசையில் அவை தளர்ந்துவிடுகின்றன. மாணவர் பெரியவரைக் கிண்டல் செய்வதை ஜப்பானில் நான் பார்த்ததே இல்லை. 1990-களில் பாங்காக்கிலும் கெய்ரோவிலும் இஸ்தான்புல்லிலும் ஜப்பானியர் தங்கும் விடுதிகளில் ஒரு தடித்த நோட்டு இருக்கும் என்று பெரியவர் சொன்னார். எல்லையில் என்ன கேட்பார்கள், எந்த மருத்துவர் நல்லவர் என்று போகிறவர்கள் எழுதி வைப்பார்களாம், வருகிறவர்கள் நகலெடுத்துக்கொள்வார்களாம். முன்பின் தெரியாதவருக்காக அக்கறையோடு எழுதும் அந்தப் பழக்கம் இவரிடம் அப்படியே இருந்தது. எனக்குப் படிவம் அனுப்பியபோது எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று சிவப்பில் குறித்து அனுப்பியிருந்தார்.

திரும்பும்போது, பயணம் செய்யலாம் என்ற மருத்துவச் சான்றை வாங்கிக்கொண்டேன். விமான நிறுவனம் கேட்டால் கையில் இருக்க வேண்டும். டோக்கியோவில் இறங்கியதும் விமான நிலையத்தின் தொற்றுநோய்த் தடுப்புப் பிரிவில் நானாகவே போய்ச் சொன்னேன். எந்தத் தொல்லையும் தரவில்லை, எந்த அறிகுறி வந்தால் எங்கே போக வேண்டும் என்று தாள் கொடுத்தார்கள். மருத்துவமனைக் கணக்கு 68,000 பாட், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,85,000 யென், நம் ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பல மாதங்கள் கழித்து, காப்பீட்டுச் சங்கத்திலிருந்து 1,40,000 யென்னுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. கட்டிய தொகை முழுவதையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதே சிகிச்சைக்கு ஜப்பானில் என்ன ஆகும் என்று பார்த்து, அதிலிருந்து நம் பங்கான முப்பது விழுக்காட்டைக் கழித்துத் தருகிறார்கள். தவறவிட்ட விமானம், புது டிக்கெட், கூடுதல் விடுப்பு எதற்கும் இதில் ஈடு இல்லை. அதற்குத் தனிப் பயணக் காப்பீடுதான் வழி. சில ஆயிரம் யென் செலவில் கிடைப்பதை இப்போது நான் ஒவ்வொரு பயணத்துக்கும் வாங்கிவிடுகிறேன்.

மாணவரின் 6,000 பாட்டை டோக்கியோவில் நேரில் கொடுத்தேன். ரயில் டிக்கெட்டுக்கும் காருக்கும் எவ்வளவு ஆயிற்று என்று எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. கடன் பட்டவர்கள் அன்றே, எல்லோர் முன்னிலையிலும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒன்று வந்து போனவருக்கு வேறொரு வகை தொற்றினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அதனால் அந்தச் சிகிச்சைப் படிவத்தின் நகல் இப்போது என் கடவுச்சீட்டு உறையிலேயே இருக்கிறது. அடுத்த லாவோஸ் பயணத்தை மழை ஓய்ந்த டிசம்பருக்கு மாற்றிவிட்டேன். செவிலியரும் அப்போது அந்தப் பக்கம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.